குளவி குடியிருந்த துப்பாக்கி

2-8-64
தொண்டூர் வாசுபூஜ்யன் ஸ்டூடியோவுக்கு வந்தார். மகள் ஜெயமாலாவின் வளைகாப்புப் படத்தை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: “பரண்ல பழைய துப்பாக்கி ஒண்ணு கெடக்குது சார். ஜைன வீட்டுல அது இன்னாத்துக்கு? சுடமாட்டேன்னு வாக்கு குடுத்தா சும்மாவே எடுத்துக்குங்க.”
பழைய துப்பாக்கி சேர்க்கிற பைத்தியம் எனக்கு; மத்தியானம் சோறு இறங்கவில்லை. மனைவி வசந்தாவுக்குச் சிரிப்பு. “தேசிங்கு ராஜா எத்தினி துப்பாக்கிதான் வச்சிருந்தாரு?” என்கிறாள். போன வருஷம் அவலூர்பேட்டையில் தேசிங்கு ராஜா துப்பாக்கி என்று போலியை வாங்கி நான் ஏமாந்ததைக் குத்துகிறாள். அது உப்புத்தண்ணீர்த் துரு, ஈரத்துணி பட்டதும் போய்விட்டது. திருகாணி எல்லாம் ஒரே அச்சு. இனி யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

9-8-64
தொண்டூர் போனேன். அசல். திரி வைத்துச் சுடுகிற ரகம். துரு இரும்புக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. திருகாணிகள் கையால் அராவியவை, ஒன்றைப்போல் ஒன்றில்லை. நான் விளக்க விளக்க வாசுபூஜ்யன் வாயைப் பிளந்து கேட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.
குழலுக்குள் கண்ணை வைத்து டார்ச் அடித்தால், வாயிலேயே மண். குளவிக்கூடு. கொட்டிவிடுமோ என்று பயம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடிவரை விட்டுக் குடைந்தால் தீர்ந்தது என்று அடுப்பிலிருந்து எடுத்து வந்தேன். அவர் மனைவி தர்மவதியம்மாள் குறுக்கே நின்றுவிட்டார்.
“உள்ள உசுரு இருக்குது. மகளும் மாசமா இருக்கா. குளவி கூடு கட்டுனா புள்ள வரப்போற வீடு. அது பறந்துபோவட்டும், அப்புறம் வாங்க.”
கெஞ்சிப் பார்த்தேன். குளவிதான் ஜெயித்தது.

16-8-64
இன்னும் பறக்கவில்லையாம்.

25-8-64
ஜெயமாலாவுக்கு ஒன்பதாம் மாதம். குளவிக்கு எத்தனையாவது மாதமோ. எரிச்சலாக வருகிறது.

6-9-64
ஜெயமாலாவுக்குப் பெண் குழந்தை. குளவியும் போய்விட்டது. தட்டியதும் மண் உதிர்ந்தது.
குழலின் ஆழம் பார்க்கக் கம்பியை விட்டேன். அது முட்டி நின்றதும் குழல் வாயருகே கம்பியில் விரல் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து அளந்தால் அடிவரை போகவில்லை. நாலு விரற்கடை குறைகிறது. மிச்ச மண்ணாக்கும் என்று கொக்கியால் மெல்ல இழுத்தேன். வந்தது தேங்காய் நார்.
கை அப்படியே நின்றுவிட்டது. நார் இருந்தால் அதற்குப் பின்னால் குண்டு. குண்டுக்குப் பின்னால் வெடிமருந்து. எந்தக் காலத்திலோ யாரோ கெட்டித்துவிட்டு, சுடாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
துரு பார்த்தேன், திருகாணி பார்த்தேன். இதை முதல்ல பாக்கத் தோணலியே எனக்கு? பழுத்த கம்பிய உள்ள விடப் போனேனே — அந்தம்மா நிக்கலேன்னா என் மூஞ்சி இருந்திருக்குமா? அன்னிக்குப் பக்கத்து அறையில மாசமா அந்தப் பொண்ணு படுத்திருந்துது.
குழலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். தர்மவதியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “சரி, காப்பி ஆறுது” என்றார்.

20-9-64
களிமண்ணாய்க் கறுப்பு மருந்து வந்தது, ஒரு ஈயக்குண்டும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வசந்தா கிண்டல் செய்யவில்லை. அதுதான் என்னவோபோல் இருக்கிறது.

11-10-64
மண்டகப்பட்டிலிருந்து தாண்டவராயன் என்பவர் கோணியில் சுற்றி ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். “எந்தக் காலத்துது, பார்த்து சொல்லுங்க. பெரிய நிபுணர்னு சொன்னாங்க.”
குழலின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். வசந்தாவை வெளியே போகச் சொன்னேன். பிறகு கம்பியை எடுத்தேன்.