நிலை வச்ச அன்னைக்குப் போட்ட செயின்

என் மகன் தங்கப்பாண்டியனுக்கு அம்மா எழுதுறது. நீயும் மருமக பானுப்பிரியாவும் பாப்பாவும் அந்தக் குளிர்ல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு மாரியாத்தாளைக் கும்பிட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கன நானும் உங்கப்பாவும் சுகம். உடம்புக்குத்தான் சுகம், மனசு கிடந்து கொதிக்குது, அது உன்னாலதான், அதையும் இதுலயே சொல்லிப்புடுறேன். போன் இருக்கையில எதுக்கும்மா கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் வாயைத் தொறந்தா நீ ம்ம் ம்ம்ங்கிற, அங்கிட்டு கம்ப்யூட்டர் தட்டுற சத்தம் கேக்குது. இங்கிட்டு உங்கப்பா ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு நான் பேச வேண்டியதையும் அவுகளே பேசி முடிச்சிடுறாக. போன ஞாயித்துக்கிழமை நான் ஆரம்பிச்சதுக்கு, உனக்கு இந்த அரசியலெல்லாம் புரியாதும்மான்னு சொல்லிட்டு வச்சுட்ட. கடுதாசியை நடுவுல கட் பண்ண முடியாதுல்ல, அதான் எழுதுறேன். சிவகாசியில காலண்டர் கம்பெனி வச்சிருக்குற சொர்ணலட்சுமி மகன் மகேஷ்குமார் ஜெர்மனிக்குப் படிக்க வாரானாம், அவன்கிட்ட ஒரு டப்பாவும் இந்தக் கடுதாசியும் கொடுத்து விடுறேன்.

வீட்டுச் சேதியை முதல்ல சொல்லிடுறேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிக்குது. வெம்பக்கோட்டை டேமுல தண்ணி இல்ல, ஆனா சாயங்காலமானா மேக்க மேகம் கூடுது, ஐப்பசி பொறந்தா ஊத்திப்புடும்னு சொல்றாக. களையெடுக்க ஒரு ஆளு சிக்கல. சீசன் உச்சத்துல இருக்கு, தீபாவளி லோடு ஏத்துற லாரி ரோட்டுல வரிசையா நிக்குது, விடிஞ்சதும் பொம்பளைகள்லாம் வேன்ல ஏறி அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆபீசுக்கு மருந்து அடைக்கப் போயிடுறாக. உங்கப்பா டீக்கடை பெஞ்சுல உக்காந்து, ஓசி அரிசியைப் போட்டுப் போட்டு கவர்மெண்டு சனத்தைச் சோம்பேறி ஆக்கிருச்சுன்னு பேசிட்டு வாராக. எனக்கு சிரிக்கவா அழுகவான்னு தெரியல. வேன்ல ஏறிப் போயி மருந்துக்குள்ள கையை விடுறவ சோம்பேறியாம், பெஞ்சைத் தேய்க்கிறவுக உழைப்பாளியாம். நம்ம பம்புசெட்டுக்கு என்னைக்காவது கரண்டு பில்லு கட்டுனீகளான்னு கேட்டேன். அது விவசாயிக்குக் கொடுக்குற மரியாதைன்னாக. நமக்குக் கொடுத்தா மரியாதை, அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்தா ஓசி. நல்லா இருக்குலே உங்க நியாயம். சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்கா திங்கிறாக, அந்தக் கவலை உனக்கு வேணாம்.

இப்ப விசயத்துக்கு வாரேன். நம்ம தெருப் பாண்டிமீனாவை மறந்திருக்க மாட்ட. மதுரையில எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணினப்ப உன்னால வர முடியல. சீசன் நேரத்துல பட்டாசு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்து, என்னைத் தூக்கி உக்கார வச்சு, கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போயி, தலை சீவி விட்டு, கூடவே கிடந்தா. அக்கா நீ இல்லைன்னா எங்கம்மா என்னக்கா ஆயிருக்கும்னு போன்ல அழுதியே, அந்த அக்காதான். அவளுக்கு இந்த வருசம் கவர்மெண்டு தொகுப்பு வீடு ஒண்ணு கிடைச்சுச்சு. எம்புட்டுக் காலமா மனு போட்டுப் போட்டுக் கிடைச்ச வீடு தெரியுமா. சொந்த இடத்துலதான் கட்டணும்னு சொன்னதால, ஒழுகுனாலும் தலைக்கு மேல ஒண்ணு இருந்துச்சே அந்த ஓட்டு வீடு, அதை இடிச்சுட்டா. அவளும் அவ புருஷன் அய்யாதுரையும் மக யோகலட்சுமியும் பக்கத்துலயே தார்ப்பாய் கட்டிக்கிட்டு கிடக்காக. அந்தப் பிள்ளை பன்னெண்டாவது வேற படிக்குது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே மண்ணு சுமந்து கல்லு சுமந்து, வேன் வாரதுக்கு முன்னாடி சுவத்துக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் அவ வேலைக்குப் போவா.

ஆவணியில நல்ல நாள் பாத்து வாசல் நிலை வச்சாக. நிலைக்கு மஞ்சத் தடவி மாவிலை கட்டி, வீட்டுக்காரிதான் முன்னால நின்னு நவதானியம் போடணும். வெறுங்கழுத்தோட நிக்கப்படாதுன்னு நம்ம பக்கம் ஒரு வழக்கம் இருக்குல்ல. அவளோட நகை பேங்குல அடகுக்குப் போயி எத்தனையோ வருசமாச்சு. மஞ்சக் கயித்தோட வந்து நின்னா. எனக்கு மனசு கேக்கல. வீட்டுக்குப் போயி பீரோவைத் தொறந்து என் அன்னப்பட்சி டாலர் செயினை எடுத்துட்டு வந்து நானே அவ கழுத்துல போட்டு விட்டேன். வேணாம் பெரியம்மா, நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாகன்னு அவ கையைப் பிடிச்சுத் தடுத்தா. எவன் என்ன பேசுவான், பேசாம நில்லுடின்னு அதட்டுனது நான்தான். விசேஷம் முடிஞ்ச கையோட கழட்டி, முந்தானையில தொடச்சு, என் கையில கொடுத்துட்டா.

கூட்டத்துல எவனோ ஒரு பொசகெட்டவன் போட்டோ எடுத்திருக்கான். குனிஞ்சு நவதானியம் போடுறா, வெயிலுக்கு முக்காடு போட்டிருக்கா, மூஞ்சி சரியாத் தெரியல, செயின் மட்டும் பளபளன்னு தொங்குது. அதைப் போட்டு, கழுத்து நிறையத் தங்கம் போட்டவளுக்குக் கவர்மெண்டு வீடாம்னு எழுதி நம்ம ஊர் வாட்ஸப் குரூப்ல விட்டிருக்கான். ஒருத்தன் ஏழு பவுனுங்கான், ஒருத்தன் பத்துங்கான். எத்தனை பவுனுன்னு செயினுக்குச் சொந்தக்காரி எனக்கே தெரியாது, அவனுகளுக்குத் தெரியுதாம். அதோட விட்டிருந்தா நாலு நாள்ல மறந்திருப்பானுக. நீ வந்த பாரு ஜெர்மனியில இருந்து. என் வரிப்பணத்துல இவளுக மினுக்குறாளுக, உழைக்கிறவன் இளிச்சவாயன்னு எழுதியிருக்க. ஏலே, நீ வரி கட்டுறது அந்த ஊருக்குலே. உன் வரிப்பணத்துல பாண்டிமீனா வீட்டுக்கு ஒரு செங்கல் கூட வரலலே. ஆனா இங்கன இருக்கவனுகளுக்கு அதெல்லாம் தெரியுமா? வெளிநாட்டுல இருக்குற படிச்ச தம்பியே சொல்லிருச்சுன்னு உன் எழுத்தையும் சேத்து ஊர் ஊரா அனுப்பி, கடைசியில நாலஞ்சு பேரு சேந்து யூனியன் ஆபீசுல பெட்டிஷனே கொடுத்துட்டானுக. வசதியானவளுக்கு வீடு கொடுத்துட்டாகன்னு. விசாரிக்கிற வரைக்கும் வீட்டுப் பணத்துக்கு பில்லு போடக் கூடாதுன்னு நிறுத்திட்டாக. மேல காங்கிரீட் போடுறதுக்கு சென்ட்ரிங் தகரம் அடிச்சு நிக்குது, அதுக்கு வாடகை ஓடுது, கம்பி வாங்க வழி இல்ல. மேக்க பாத்தா மேகம். இதுதான்லே நீ செஞ்ச வேலை.

மூஞ்சி தெரியலம்மா, அக்கான்னு தெரிஞ்சா எழுதியிருப்பேனான்னு கேப்ப. சரி, மூஞ்சி தெரியல. செயின் தெரியலையா? முதல் சம்பளத்துல வாங்கிட்டு வந்து நீயே என் கழுத்துல மாட்டி விட்டியே. அன்னப்பட்சிக்குச் சுத்தி சிவப்புக் கல்லு, ஒண்ணு விழுந்துட்டதால பச்சைக் கல்லு வச்சு வாங்கினேன், ஏம்மா இப்படிக் கோமாளித்தனமா வச்சிருக்கன்னு அதுக்கும் ஒரு நாள் பேசுன. அந்தப் போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா பச்சைக் கல்லு தெரியுது, கண்ணாடி போட்ட எனக்கே தெரியுது. எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாக்குற அளவுக்குக் கூட உனக்குப் பொறுமை இல்ல.

விசாரிக்க வந்த ஓவர்சியர் யார் செயின்னு கேட்டதுக்கு பாண்டிமீனா வாயே தொறக்கலையாம். எனக்கு அன்னைக்கு சாயங்காலம்தான் தெரியும். ஓடிப்போயி, ஏன்டி என் பேரைச் சொல்ல வேண்டியதுதானன்னு சத்தம் போட்டேன். அவ தரையைப் பாத்துக்கிட்டே சொல்றா, தம்பியே எழுதியிருக்காக, நீங்க சொல்லாமயா எழுதியிருப்பாகன்னு நெனைச்சேன் பெரியம்மா, நான் உங்க பேரைச் சொல்லி நீங்க இல்லைன்னுட்டா என்னைத் திருடின்னுல்ல சொல்லுவாகன்னு. நீ எழுதுனதை நான் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆக்கி என்னை அசிங்கம் பண்ணிட்ட. எனக்குப் பெட்பேன் எடுத்தவ, நான் அவளைக் காட்டிக் கொடுப்பேன்னு நெனைச்சிருக்கா, அப்படி நெனைக்க வச்சவன் என் வயித்துல பொறந்தவன்.

மறுநாளே பஸ் ஏறி யூனியன் ஆபீசுக்குப் போனேன். அந்த பஸ்ஸுல எனக்கும் டிக்கெட் இல்ல, ஓசிதான், அதையும் குரூப்ல போட்டுக்கோ. உங்கப்பா வரமாட்டேன்னுட்டாக. செயினைக் கொடுத்தது உன் தப்புன்னாக, அம்புட்டுத்தான். ஆபீசர்கிட்ட செயினைக் காட்டி, இது என்னோடது சார்னு சொன்னேன். அந்த மனுசனைக் குத்தம் சொல்ல முடியாது, உக்காரச் சொல்லி தண்ணி எல்லாம் கொடுத்தாரு. ஆனா செல்லைத் திருப்பி உன் எழுத்தைக் காட்டுறாரு. உங்க மகனே இப்படிப் போட்டிருக்காரேம்மா, நீங்க பாவம் பாத்து அந்தப் பொண்ணுக்காகப் பேசுறீகன்னு பெட்டிஷன் போட்டவுக சொல்லுவாகளே, நான் யாரை நம்பன்னு கேக்குறாரு. பெத்த மகன் எழுத்து முன்னால என் வாய்ச்சொல்லு செல்லலலே. கூனிக் குறுகிப் போயி எந்திரிச்சு வந்தேன்.

பஸ்ஸுல வரையில எல்லாம் எனக்கு ஒரே யோசனை. அது அவளோட சொந்தச் செயினாவே இருந்தா என்னலே? கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் கிடந்தா மேல மழை பெய்யாதா? வீடு வேணும்னு கேக்குறவ கிழிஞ்ச சேலையோட அழுதுக்கிட்டே வந்து நின்னாத்தான் உங்களுக்குத் திருப்தியா? நீ காலேஜ்ல சேர முதல் பட்டதாரின்னு கவர்மெண்டு பீஸ்ல கழிச்சப்ப, நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுத்தான் சர்டிபிகேட் வாங்க வந்தேன், எவனும் போட்டோ எடுக்கல. பாப்பா பொறந்ததும் அந்த ஊர் கவர்மெண்டு மாசாமாசம் பிள்ளைக்குப் பணம் போடுதும்மா, எம்புட்டு நல்ல நாடு பாத்தியான்னு நீதான் பெருமையாச் சொன்ன. அங்கன கொடுத்தா நல்ல நாடு, இங்கன கொடுத்தா நாடு கெட்டுப்போச்சு. அங்கன இருக்க வெள்ளைக்காரன் எவனாவது உன் பொண்டாட்டி கழுத்தைப் போட்டோ எடுத்து, இவுகளுக்கு எதுக்கு நம்ம காசுன்னு எழுதினா உனக்கு எப்படி இருக்கும்? நெனைச்சுப் பாரு. நெனைச்சுப் பாத்துட்டு அப்புறம் எனக்கு அரசியல் சொல்லிக்கொடு.

இப்ப நீ செய்ய வேண்டியது இதுதான். எனக்குத் தனியா போன் பண்ணி மன்னிச்சுக்கோம்மான்னு சொல்லாத, எனக்கு அது வேணாம். பாண்டிமீனாவுக்குப் பணம் அனுப்புறேன்னும் சொல்லாத, அவ வாங்க மாட்டா, நானும் வாங்க விடமாட்டேன். எங்கன எழுதுனியோ அங்கனயே எழுது. அந்தச் செயின் எங்கம்மா செயின், வாங்கிக் கொடுத்தது நான், பாக்காம எழுதிட்டேன்னு உன் பேரைப் போட்டு எழுது. உன் கல்யாணத்துல நான் அதைப் போட்டு நிக்கிற போட்டோ உன்கிட்ட இருக்கும், அதையும் சேத்துப் போடு. ஆபீசர் அதைப் பாத்தாப் போதும், அன்னைக்கே ரிப்போர்ட் எழுதிடுறேன்னு சொல்லியிருக்காரு. வெக்கமா இருக்கும். இருக்கட்டும். அவ தார்ப்பாய்க்குள்ள இருந்து எந்திரிச்சு அதே தெரு வழியாத்தான் தினமும் வேனுக்கு நடந்து போறா.

கார்த்திகையில விருதுநகர்ல நீ கட்டுற வீட்டுக்கு நிலை வைக்கணும், அம்மா அந்த அன்னப்பட்சி செயினைப் போட்டுக்கிட்டு முன்னால நிக்கணும், வீடியோ எடுத்து அனுப்பணும்னு சொன்னீல்ல. வருவேன். பெத்தவ வராம இருப்பேனா. ஆனா பாண்டிமீனா வீட்டுக்கு மேல காங்கிரீட் போடாம அந்தச் செயின் பீரோவை விட்டு வெளிய வராது. அவ கழுத்துல கிடந்தப்ப உன் கண்ணுக்கு உறுத்துனது என் கழுத்துல கிடந்தா மட்டும் எப்படி லட்சணமாத் தெரியும்? வெறும் தாலிக்கயித்தோட வந்து உன் நிலைக்கு முன்னால நிப்பேன். நல்லாக் கிட்டக்க வந்து எடுக்கச் சொல்லு, எந்தக் குரூப்ல வேணும்னாலும் போட்டுக்கோ.

உன் குடும்பம் ஆலமரமா தழைக்கட்டும், பாப்பா நீண்ட ஆயுசோட இருக்கட்டும், மருமகளை ஈரத்தலையோட வெளிய போகவேணாம்னு சொல்லு. டப்பாவுல பொரிவிளங்கா உருண்டை இருக்கு, உனக்குப் பிடிக்குமேன்னு பிடிச்சது. இந்த முட்டியை வச்சுக்கிட்டு என்னால அம்புட்டு நேரம் உக்காந்து பிடிக்க முடியாது, அவதான் தார்ப்பாய்க்கு வெளிய அடுப்பு மூட்டி, வறுத்து இடிச்சுப் பிடிச்சுக் கொடுத்தா. வேணாம்டின்னேன். தம்பி மேல எனக்கு என்ன கோவம் பெரியம்மா, சின்ன வயசுல இருந்து அவுகளுக்கு இதுன்னா உசுருல்லன்னு சொல்லி மூடியை இறுக்கிக் கொடுத்துட்டுப் போறா. தின்னுட்டு எழுதுலே.

உன் நல்லதையே நெனைக்கிற அம்மா,
முத்துமாரியம்மாள்.