கண்டக்டர் அண்ணனுக்கு எம்புட்டு கரண்ட்?

அண்ணே,

இன்று காலை சிகிச்சை அறையில் பழைய சாமான்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஒன்று கையில் வந்தது. ஒட்டும் பகுதி நைந்துபோய், சுற்றினால் தானாகப் பிரிந்துகொள்கிறது. "இது இனி ஆகாதும்மா, போட்டுருவோம்" என்றார் சிஸ்டர். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஒருவரை நினைத்தால் முதலில் முகம் வர வேண்டும். எனக்கு உங்களுடைய வலது கால்தான் முதலில் வருகிறது.

அந்தப் பட்டையை உங்கள் கணுக்காலில்தான் இறுக்கிக் கட்டுவோம். மயக்கம் கொடுத்து, உடம்பு உதறாமல் இருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போட்டபின் உடம்பு முழுக்கத் துணிமாதிரி கிடக்கும். பட்டை கட்டிய காலுக்கு மட்டும் அந்த மருந்து போய்ச் சேராது. கரண்ட் வைத்ததும் மூளையில் வலிப்பு வந்ததா, எவ்வளவு நேரம் நின்றது என்று அந்த ஒற்றைக் கால் ஆடிச் சொல்லும். இயந்திரமும் கோடு கிழித்துக் காட்டும்தான். ஆனாலும் எல்லார் கண்ணும் முதலில் கட்டைவிரலுக்குத்தான் போகும்.

என் அப்பாவைவிட மூத்தவர் நீங்கள். முதலில் ஐயா என்றுதான் கூப்பிட்டேன். உடம்பு தேறியபிறகு ஒருநாள் நீங்களே மாற்றினீர்கள். "மதுரைல கண்டக்டர்னா அண்ணேதான் தாயி. ஐயான்னு கூப்புட்டா செக்கிங் வந்துட்டாகளோன்னு பதறுது." அன்றிலிருந்து நீங்கள் அண்ணே, வீட்டம்மா மதினி.

உங்களைப் பேரையூரிலிருந்து கூட்டிவந்தபோது இந்தப் பேச்செல்லாம் எங்கே இருந்தது? சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. மாத்திரைகள் மாற்றிப் பார்த்தும் மனச்சோர்வு இறங்கவில்லை. மின்வலிப்பு சிகிச்சை கொடுக்கலாம் என்று எங்கள் மனநலத் துறைப் பேராசிரியை மேடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் முதுநிலை மாணவி, வழக்கம்போல் எல்லார் முதுகுக்கும் பின்னால் நின்றேன். அப்போது நீங்கள் வாய் திறந்தீர்கள். அந்த வாரத்தில் நீங்கள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"கரண்ட் வச்சா ரூட்டு மறந்துருமா?"

ஆயுசு முழுக்க மதுரை – பேரையூர் தடத்தில் சீட்டுக் கிழித்தவருக்கு மிச்சமிருந்த ஒரே கவலை அது. இந்த வாரங்களின் ஞாபகம் கொஞ்சம் கலங்கலாம், பெரும்பாலும் தெளிந்துவிடும், தேவைக்கு மேல் ஒரு சொட்டும் கொடுக்க மாட்டோம் என்றார் மேடம். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் 'தேவை' எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் வேலைதான் எங்களுடையது.

அது யார் நெற்றியிலும் எழுதியிருப்பதில்லை. வயது கூடினால் பொதுவாக அதிகம் வேண்டும், ஆணுக்குப் பெண்ணைவிடக் கூட வேண்டும் என்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். குறைவாக வைத்தால் குணமாக்கும் வலிப்பே வராது, மயக்கம் கொடுத்ததுதான் மிச்சம். கூட வைத்தால் எழுந்தபின் குழப்பம் நீளும், ஞாபகம் தடுமாறும். அதனால் முதல் நாள் சிறியதில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, எங்கே வலிப்பு பிறக்கிறது என்று பார்ப்போம். அடுத்த முறையிலிருந்து அதற்குக் கொஞ்சம் மேலே வைப்போம். உங்கள் வயதுக்கு நாலைந்து படியாவது ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம். இரண்டாவது படியிலேயே கட்டைவிரல் விறைத்து நின்றது. பிறகு பாதம் தாளம் போட ஆரம்பித்தது.

"அடடே, டபுள் விசில் குடுக்குறதுக்குள்ள கிளம்பிட்டாரே!" என்றார் மேடம்.

கண் விழித்ததும் எல்லாரிடமும் பெயர், ஊர், கிழமை கேட்போம். உங்களிடம் நான் நிறுத்தங்களைக் கேட்டேன். பெரியார், பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம் என்று மெதுவாக ஊர்ந்து, திருநகர் தாண்டி, திருமங்கலத்தில் நின்றுவிட்டீர்கள். இரண்டாம் சிகிச்சைக்குப் பிறகு கல்லுப்பட்டிவரை போனீர்கள். மூன்றாவது முடிந்ததும் காப்பி கேட்டீர்கள். மதினி காப்பி வாங்க ஓடிய ஓட்டத்தில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்.

நாலாவது முறை எல்லாம் தலைகீழானது. மதினியின் தோளில் சாய்ந்து தள்ளாடி வந்தீர்கள். மயக்க மருந்து போடும் முன்பே சும்மா நிறுத்தங்களைக் கேட்டேன். பசுமலையிலேயே நாக்கு குழறியது. பிறகு அதே அளவு கரண்டை வைத்தோம். கால் அசையவில்லை. கொஞ்சம் ஏற்றிப் பார்த்தோம். கட்டைவிரல் லேசாக நடுங்கி அடங்கிவிட்டது.

"சிகிச்சை போகப் போக அளவு கூடத்தான் செய்யும். அடுத்த தடவை டபுளா வச்சிருவோம்" என்றார் மேடம். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒரே தாவலில் இப்படித் தாவுமா? அதோடு, உங்கள் குழப்பம் கரண்டுக்குப் பின்னால் வரவில்லை, முன்னாலேயே வந்திருந்தது. இதைச் சபையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேராக மதினியிடம் போனேன்.

"வேறு ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்டேன். மருத்துவமனைக்கென்று நான் தனியாக ஒரு தமிழ் வைத்திருந்தேன், கல்லூரியில் கற்றுக்கொண்டது. "இல்லைங்க டாக்டர்" என்று மதினியும் அதே மாதிரி விறைப்பாகச் சொன்னார். வராந்தாவில் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் கல்லுப்பட்டிப் பக்கம், எங்க அம்மாவும் களையெடுக்கப் போறவகதான் என்றேன். இரண்டு பேரும் மழை இல்லாததைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

"நேத்து ராத்திரி என்ன சாப்புட்டாக?"

"ரெண்டு இட்லி. மோரு."

"மோருல என்ன போட்டீக?"

"உப்பு, கருவேப்பில…" கொஞ்சம் நிறுத்தி, முந்தானையைத் திருகிக்கொண்டு, "மாத்திர" என்றார்.

"என்ன மாத்திர?"

"எங்க அக்கா மகனுக்கு வலிப்பு இருக்குல்ல, அவென் திங்கிற மாத்திர. ரெண்டு நாளாக் கரைச்சுக் குடுக்குறேன். நீங்கதான தாயி சொன்னீக, கரண்டு வச்சா வலிப்பு வரும்னு? இந்த வயசுல மனுசென் தாங்குவாரா? வராம இருக்கத்தான் குடுத்தேன். கையில புடிக்க இரும்புச் சாவி குடுத்துவிட்டேன், அதையும் உங்க சிஸ்டரு புடுங்கிக்கிட்டாக. நான் வேற என்னதான் செய்ய?"

சிரிப்பதா தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை. நாங்கள் உள்ளே வலிப்பை வரவைக்கப் பாடுபட்டோம், அவர் வெளியே அதை நிறுத்தப் பாடுபட்டார். அவர்மேல் என்ன தப்பு? வலிப்பு வரும் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறோம். எதற்காக என்று ஒருவரும் சொல்லவில்லை. இது தூக்கத்தில் வருகிற வலிப்பு, நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம், அதுதான் இந்த நோய்க்கு மருந்து என்றேன்.

மதினி வாயில் கைவைத்தார். "அப்ப நான் மருந்துக்கே மாத்துமருந்து குடுத்துட்டேனா?"

மேடம் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அவரே வெளியே வந்து "என்னம்மா?" என்றார். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறிக் கேட்டார்: "சரி, அடுத்த தடவை எம்புட்டு? நீதான் கண்டுபிடிச்ச, நீயே சொல்லு."

மாத்திரை உடம்பைவிட்டுப் போயிருந்து, இரட்டிப்பாக வைத்தால் உங்கள் ரூட்டுக்கு ஆபத்து. மாத்திரை மிச்சமிருந்து, பழைய அளவே வைத்தால் இன்னொரு முறையும் வீண். நீங்களோ மறுபடி தட்டைத் தள்ள ஆரம்பித்திருந்தீர்கள். "ஒரு வாரம் பொறுத்து, பழைய அளவே, மேடம்" என்றேன்.

அந்த ஒரு வாரமும் மதினி உங்களுக்குக் கஞ்சியை ஊட்டியே தீர்ப்பது என்று நின்றார். மோர்ப் பக்கமே போகவில்லை.

வாரம் முடிந்த அன்று காலை என்னையே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்திவிட்டு உங்கள் காலையே பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரல் விறைத்தது. பாதம் குதித்தது. அண்ணே, பரீட்சை முடிவு வந்த அன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. போதுமான நேரம் ஆடிவிட்டுத் தானாக நின்றது.

விழித்ததும் நிறுத்தங்களைக் கேட்டேன். திருமங்கலத்தில் மூச்சுவாங்கினீர்கள். பயத்தில் நானே "அடுத்து கல்லுப்பட்டி" என்று எடுத்துக்கொடுத்தேன். நீங்கள் மெல்லத் தலையைத் திருப்பி, "அப்ப குன்னத்தூர் ஆளுகள எங்க தள்ளிவிடுவீக, டாக்டரம்மா?" என்றீர்கள். அறையே சிரித்தது. கதவுக்கு வெளியே மதினியின் அழுகைதான் பெரிதாகக் கேட்டது.

மோர்க் கதையை உங்களிடம் சொன்னது மதினிதான். நீங்கள் அதை விடவே இல்லை. மாதாமாதம் பார்க்க வரும்போதெல்லாம், வரிசையில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். "டாக்டருக ஆக்ஸிலேட்டர மிதிக்கிறாக, எங்க வீட்டம்மா பிரேக்க மிதிக்கிது. நடுவுல வண்டி என்னய்யா செய்யும்?" மதினி உங்கள் முழங்கையைக் கிள்ளுவார். கிள்ளினால் இன்னும் சத்தமாகச் சொல்வீர்கள்.

நீங்கள் போன சேதியைச் சொல்லவும் மதினி நேரில்தான் வந்தார். நெஞ்சுவலி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. "கறிக்கொழம்பு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாக தாயி. பசியோட போகல" என்றார். சாப்பிடாமல் கிடந்த உங்களைப் பார்த்தவள் என்பதால், அது எவ்வளவு பெரிய சேதி என்று எனக்குத் தெரியும்.

இப்போது அளவைத் தீர்மானிப்பது என் வேலை. கால் அசையாவிட்டால் உடனே ஏற்றுவதில்லை. வெளியே போய், அம்மாவோ மாமியாரோ மச்சானோ, யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பேச்சில் கேட்கிறேன். வலிப்பு எதற்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஜூனியர்களுக்கு நான் மெதுவாகப் பேசுவது பிடிக்கவில்லைதான், ஆனால் காது கொடுக்கிறார்கள்.

எத்தனையோ பேருக்கு அளவு பார்த்துவிட்டேன். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்களுடைய அளவு எண் மறந்துபோகும், மறப்பதும் நல்லதே. உங்களுடையது மட்டும் போகமாட்டேன் என்கிறது. யாருக்கும் பயன்படாத எண் அது, உங்கள் மூளைக்கு மட்டுமே பொருந்தும். அதை இங்கே எழுத மாட்டேன், அண்ணே. எழுதினால் பேரையூர் பஸ்ஸில் யாராவது, "கண்டக்டருக்கே அம்புட்டுத்தான், எனக்கும் அதையே வைங்க" என்று கேட்டு வந்துவிடுவார்கள்.