அக்கா சமன் செய்வாள், நான் கணக்குப் போடுவேன்

மார்ச் 4
நான்கு கிராம் ஹைட்ரஜன் முழுதும் எரிய எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும்? எனக்கு 64 வந்தது. புத்தகத்தில் 32. பெருக்கல் சரி, வகுத்தல் சரி. பின்னே என்ன கேடு? தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்காய்க் குப்பி கழுவுகிறேன். இந்தத் தேர்வில் தேறினால் பரிசோதகர் வேலை. வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி.

மார்ச் 5
விளங்கிவிட்டது. வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யாமலே கணக்குப் போட்டிருக்கிறேன். பள்ளியில் ஒருநாளாவது நான் அதைச் செய்திருந்தால்தானே! அக்கா ஒரு வருஷம் கோட்டைவிட்டு என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் ஒரே தாள். அவள் இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணிச் சமன் செய்து என் பக்கம் தள்ளுவாள்; மிச்சக் கணக்கு என்னுடையது. எண்ணும்போது பென்சில் முனையால் கன்னத்தில் தட்டிக்கொள்வாள். கன்னமெல்லாம் புள்ளி. அம்மை போட்டுவிட்டதென்று அம்மா ஒருநாள் பதறியே போனாள். எவ்வளவு சுகமாக இருந்தோம்.

மார்ச் 9
அக்காவுக்குப் போன் செய்தேன். அத்தான் இறந்ததிலிருந்து "சாப்டியா, சாப்டேன்" தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை. இன்று ஒரு மணி நேரம்! கணக்கை வாசித்தேன், பட்டென்று சமன் செய்து சொன்னாள். நான் பெருக்கினேன். 32. சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

மார்ச் 22
தினமும் அவ சொல்றா, நான் போடுறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சை ஹாலுக்குள்ள அக்கா வருவாளா? என் புத்தி எங்க போச்சு?

மார்ச் 23
சொல்லிவிட்டேன் — இனிமேல் நானே சமன் செய்கிறேன், தப்பு வந்தால் மட்டும் சொல் என்று. அக்கா உடனே கேட்டாள்:
"அப்ப நான் எதுக்குடி?"
மனசு கேட்கவில்லை. ஆனாலும் விடவில்லை. புரொப்பேன் வாயு எரியும் சமன்பாட்டைத் திணறித் திணறி நானே போட்டேன். அவள் "ம்" மட்டும் கொட்டினாள்.

ஏப்ரல் 18
தேர்வு. மூன்று சமன்பாடுகள். மூன்றையும் சமன் செய்தேன்.

மே 30
தேறிவிட்டேன்! முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். அழுதாள், எங்கே இத்தனை நாள் இந்த மூளை என்று திட்டினாள், மறுபடி அழுதாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "இனிமே சாயங்காலம் என்னடி பண்றது?"
மேல் பதவிக்கு இன்னொரு தேர்வு இருக்கிறதாம் என்றேன்.
"அதுல சமன்பாடு வருமா?"
"வரும்க்கா. இதைவிடக் கஷ்டமா."
வருமா வராதா, எனக்கென்ன தெரியும். நாளைக்கு ஏழு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.