மஞ்சள் பட்டி

வெள்ளிக்கிழமை, இரவு

நாளைக் காலை எனக்கு முதல் கராத்தே வகுப்பு. காத்தான்குடியில் தைக்கக் கொடுத்த வெள்ளைச் சீருடை நேற்றுத்தான் கைக்கு வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் இடுப்பில் வெள்ளைப் பட்டிதான் கட்ட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்தப் பட்டியை அம்மா இன்று மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள்!

கேட்டால் என் மேலேயே பாய்கிறாள். "மருமகன் கத்தாரில நல்லா இருக்கக்குள்ள, தலையில இருந்து கால்மட்டும் வெள்ளை உடுத்து வாசல் தாண்டப் போறியா புள்ள?"

புது உடுப்பின் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தால் போதாதா? முழுப் பட்டியையுமா முக்குவது? மூன்று தரம் சவர்க்காரம் போட்டேன், போகவில்லை. மஞ்சள் பட்டி என்றால் சோதனையில் தேறியவள் என்று அர்த்தம். எனக்கோ கையைப் பொத்திக் குத்தவே தெரியாது. எதிரே நிற்பவள் சும்மா விடுவாளா?

அம்மாவுக்கு வெள்ளையைக் கண்டுதான் பயம். வேலைக்குப் போகும் நாவற்குடா பஸ்ஸில் தினமும் எனக்குப் பின்னால் வந்து ஒட்டி நிற்கிறவனைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கே போகாதே என்பாள்.

அடி வாங்கினாலும் வாங்குகிறேன். மஞ்சள் பட்டியோடேயே போவேன்.