சத்தம் வேண்டாமென்று நான் எழுதிய பெட்டிசம்

என் ஆசைக் கூட்டாளி ராமாயிக்கு,

உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் லயத்து வீடுகளில் சிரிப்பார்கள். உயிரோடு இருந்தபோதே உனக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஊரிலிருந்து வந்த கடிதத்தையெல்லாம் நான்தான் உனக்கு வாசித்துக் காட்டுவேன். நடுவே நானாக நாலு வரி சேர்த்து வாசித்து உன்னை அழவைத்ததும் உண்டு. இதையும் நானே எழுதி நானே வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தத் தடவை எதையும் சேர்க்கவில்லை.

நீ போய்ப் பதினெட்டு வருசமாகிவிட்டது. அஞ்சு மாசத்தில் விட்டுவிட்டுப் போனாயே, உன் மகள் வள்ளி, அவள் இப்போது பிள்ளைக்காரி. பெண் பிள்ளை, மூன்று மாசம். மூக்கு உன்னுடையது. கோபம் மட்டும் என் அண்ணனுடையது, உன் புருசன் அப்படியே. பால் கொஞ்சம் தாமதமானால் போதும், லயத்து வரிசையில் ஏழு காம்பராவுக்கும் கேட்கும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளி கையில் கொப்பியும் பேனாவுமாக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தே, பெரியதொரைக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க. சின்னதொர வண்டி சத்தம் தாங்க முடியல. புள்ளைங்க ஒண்ணும் தூங்க மாட்டேங்குது. நீங்க எழுதுனா தொர மதிப்பாரு" என்றாள்.

எனக்குக் கை ஓடவில்லை, ராமாயி. கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணாடி என் மடியில்தான் இருந்தது.

இப்போதைய சின்னதுரை, பெரியதுரைக்குக் கீழே தோட்டம் பார்க்கிறவன், வெள்ளைக்காரன் இல்லை. கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பையன், இருபத்தஞ்சு வயதுக்குமேல் இருக்காது. வந்த வாரமே தன் மோட்டார் சைக்கிளில் சத்தத்தை அடக்கும் குழாயைக் கழற்றிவிட்டானாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? சத்தம் அவனுக்குச் சந்தோசம். கீழே கொழுந்து அரைக்கிற ஸ்டோரடியில் வண்டியைக் கிளப்பினால் மேல் மலையில் கொழுந்து கிள்ளுகிற எங்களுக்குக் காது அடைக்கும். கல்யாணமாகாத பெண்கள் அந்தச் சத்தம் கேட்டதும் தலையில் கட்டிய படங்கைச் சரிசெய்துகொள்வதை நான் பார்க்காமலா இருக்கிறேன்? கல்யாணமாகிறவரைக்கும் அதில் உன் மகளும் ஒருத்தி. இப்போது அதே வள்ளி, அந்த வண்டி போனால் மண்ணை வாரித் தூற்றுகிறாள்.

நாம் மட்டும் என்ன? நமக்குப் பத்து வயதிருக்கும்போது தோட்டத்துக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தது ஞாபகமிருக்கிறதா? தண்ணீர்ப் பீலியில் பிடித்துக்கொண்டிருந்த குடத்தை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவோம். வண்டி போனபிறகும் நீ அங்கேயே நின்று பெட்ரோல் வாசத்தை மூச்சிழுத்துக் குடிப்பாய். குடம் நெளிந்ததற்கு என் அம்மாவிடம் நாம் ரெண்டு பேரும் வாங்கின அடி இன்னும் வலிக்கிறது.

அப்புறம் நீ அந்தச் சத்தத்தை வாயாலேயே போடக் கற்றுக்கொண்டாய். அட, அதைப்போல் ஒருத்தியால் முடியுமா? மேடு ஏறும்போது திணறுவது, வளைவில் அடங்குவது எல்லாம் உன் தொண்டையில் வரும். ஒருநாள் பெரிய கங்காணி கல்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைக்க, நீ தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டு சின்னதுரை வண்டியை மெல்ல மெல்லக் கிட்டத்தில் கொண்டுவந்தாய். மனுசன் சுருட்டைத் தூக்கி வீசி, தலைப்பாகையை உருவி, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக் கும்பிட்டபடி நின்றார். துரையைக் காணோம். தேயிலை நிரையில் நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு நம் ரெண்டு பேருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது, பாதி நாள் கூலி சிரிப்போடு போச்சு. நீ அதற்கும் சிரித்தாய்.

அப்படிப்பட்ட நமக்கே பிள்ளை பிறந்ததும் அந்தச் சத்தம் எமனாகிவிட்டது. சுதந்திரம் வந்த வருசம் அது. உனக்கு வள்ளி, எனக்குப் பெரியவன், ஒரு மாச இடைவெளியில். ரெண்டையும் விடியற்காலையில் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவோம். அந்தக் காம்பராவை எந்தப் புண்ணியவான் ரோட்டு வளைவில் கட்டினானோ! வண்டி அந்த வளைவில் திரும்பினால் தொட்டிலில் கிடக்கும் இருபது பிள்ளைகளும் ஒன்றாக அலறும். மேலே மலையில் நமக்குச் சத்தம் கேட்ட உடனே, பிள்ளை விழித்திருக்கும் என்ற நினைப்பிலேயே மார்பு கசிந்து ரவிக்கை நனைந்துவிடும்.

பால் கொடுக்க நேரம் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு ஒருதரம், கொழுந்து நிறுக்கும்போது ஒருதரம். பிள்ளையின் வயிற்றுக்கு மணி பார்க்கத் தெரியுமா? அதனால் நாம் களவாகக் குறுக்குப் பாதையில் இறங்கி, ரோட்டைக் கடந்து ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவோம். போனவளுடைய நிரையைப் பக்கத்தில் நிற்பவள் சேர்த்துக் கிள்ளுவாள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் போனவள் ஓடிவந்து நிரையில் நின்றுகொள்வாள். எந்தத் துரைக்கும் இது தெரியாது.

பெட்டிசம் எழுதலாம் என்றது நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்த திமிர் எனக்கு. நீ மட்டும்தான் வேண்டாமென்றாய்.

"அது கத்தட்டும் முத்து. ஆள் வர்றது தெரியுதுல்ல?" என்றாய்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஆசை, அதனால்தான் இப்படிப் பேசுகிறாய் என்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். உன் பிள்ளை திடுக்கிட்டுத் தூக்கிப்போடுவதைப் பார்த்தும் உனக்கு மனசு இரங்கவில்லையா, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் கேட்டேன். நீ வள்ளியை மடியில் ஏற்றிக்கொண்டாய். பிறகு கட்டைவிரலை நீட்டினாய். கொழுந்துக் கறை ஏறிய விரலில் மை எங்கே என்றே தெரியவில்லை.

லயக் கூரை ஒழுகுகிறது என்று மூன்று பெட்டிசம் எழுதியிருந்தேன். பீலிக்குத் தண்ணீர் வரவில்லை என்று ரெண்டு. ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்தப் பெட்டிசத்துக்கு மட்டும் ஒரே வாரத்தில் பதில் வந்தது. பெரியதுரையின் அம்மணிக்கும் அந்தச் சத்தம் தலைவலியாம். சின்னதுரையின் வண்டி அட்டன் கராஜுக்குப் போய், பூனைபோல் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. லயத்தில் எனக்கு எவ்வளவு மரியாதை! நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆடி மாசத்துப் பனிமூட்டம், எதிரே நிற்கும் செடி தெரியவில்லை. வள்ளி அழுவாள் என்று நீ கூடையோடு குறுக்கில் இறங்கினாய். நான் உன் நிரையையும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆயா போட்ட கூச்சல்தான் கேட்டது.

நான் வந்தபோது ரோடு முழுக்கக் கொழுந்து சிதறிக் கிடந்தது. அந்த வெள்ளைக்காரச் சின்னதுரை ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து இங்கிலீசில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவனும் உன்னைப் பார்க்கவில்லை. அவனே கத்தி, அந்த வழியே வந்த கொழுந்து லொறியை நிறுத்தினான். லொறியில் உன் தலை என் மடியில் இருந்தது.

"வண்டி சத்தமே கேக்கலயே முத்து" என்றாய். என்னைக் குறை சொல்கிற குரல் இல்லை அது. புரியாமல் கேட்டாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

பார்க்காமல் குறுக்கே ஓடினாள் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். பெட்டிசத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். உன் மகளை என் பாலில் வளர்த்தேன், பெரியவனுக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். அதைச் செய்தால் பாவம் கழுவிப்போகும் என்று நினைத்தேனோ என்னவோ. அம்மா மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தாள் என்பது வள்ளிக்குத் தெரியும். மற்றது தெரியாது. தெரிந்த கிழடுகள் எல்லாம் என் முகத்துக்காகச் சும்மா இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை சின்னதுரைகள், எத்தனை வண்டிகள். சத்தமில்லாமல் ஓடும் வண்டி வந்த வருசங்களில் நான் ரோட்டில் நடக்கவே பயந்தேன். அண்ணன் எந்த வண்டி போனாலும் கதவைச் சாத்திக்கொள்வார், இன்றைக்கும் அப்படித்தான். இந்தக் கொழும்புப் பையன் காது கிழிய வருகிறபோதுதான் எனக்கு நெஞ்சு ஆறுகிறது. வரட்டும், எங்கே வருகிறான் என்று தெரிகிறதே என்றிருக்கிறது. இதை வயதுப் பெண்களிடம் சொன்னால் கிழவிக்குச் சின்னதுரைமேல் கண் என்பார்கள்.

மூன்று ஞாயிறு சாக்குச் சொன்னேன். நாலாவது ஞாயிறு வள்ளி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கேட்ட அந்த வார்த்தையையும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள், கத்துவாள், இந்த வாசலை இனி மிதிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"அம்மா கைநாட்டு அதுல இருந்துச்சா அத்தே?"

"இருந்துச்சு."

"அப்ப என்னைய தூங்க வைக்கத்தானே அம்மா வச்சிருக்காங்க. நானும் அதுக்குத்தான் கேக்குறேன்."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பதினெட்டு வருசம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்ததை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கி, தன் அம்மா தன்னிடம் வைத்த ஆசையாக மடியில் வைத்துக்கொண்டாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. அவளைப்போல் கைப்பிள்ளைக்காரியாக இருந்தபோது நான் உன் பேச்சையே கேட்கவில்லை.

நீங்கள் எழுதாவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன் அத்தை, உங்கள் கையெழுத்து அழகு என்றுதான் வந்தேன் என்றாள். எட்டாம் வகுப்புப் படித்தவள், எழுதுவாள். அதனால் நானே எழுதினேன். வளைவுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி ஹோன் அடிக்க வேண்டும் என்று முதல் வரியில் போட்டேன். அவள் வாசித்துப் பார்த்து, இதுவும் இருக்கட்டும், சத்தத்தை முதலில் எழுதுங்கள் என்றாள். கிழித்துவிட்டு வேறு தாளில் சத்தத்தை முதலில் எழுதினேன். பதினோரு தாய்மார். உன் காலம்போல இல்லை, ஒன்பது பேர் கையெழுத்தே போட்டார்கள். கடைசியில் என் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் கொண்டுபோய்க் கொடுத்தார். துரை இதற்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பெட்டிசம் எழுதியவளே இப்படி வேண்டிக்கொண்டது இந்தத் தோட்டத்தில் முதல் தடவையாக இருக்கும். நேற்றுக் காலையில் வண்டியை அட்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹோன் அடிப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்களெல்லாம் என் வாசலில் வந்து கலகலவென்று பேசிவிட்டுப் போனார்கள். உன் மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வண்டி நாளைக்குத் திரும்பி வருகிறதாம். மறுபடியும் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைக் காம்பரா இன்னும் அதே வளைவில்தான். வள்ளியும் களவாகத்தான் இறங்குகிறாள், வைத்த நேரத்தில் போகச் சொன்னால் கேட்கமாட்டாள். நீ கேட்டாயா?

இன்று கங்காணியிடம் பேசினேன். முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தருகிற சமதரை நிரை வேண்டாம், என்னை வள்ளிக்குப் பக்கத்து நிரையில் நிறுத்துங்கள் என்று கேட்டேன். செங்குத்து மலையில் இந்த முழங்காலோடு என்ன செய்வாய் என்றார். பேச்சுத்துணை என்றேன். மனுசன் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ராமாயி, உனக்கு வாக்குத் தருகிறேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கும்போதெல்லாம் அவளுக்கு முன்னால் நான் இறங்குவேன். அரைப்பேர் விழுந்தாலும் விழட்டும். ரோட்டில் முதல் கால் வைப்பது நான்தான். நான் நடுவில் நின்று, வா என்று கைகாட்டின பிறகுதான் உன் மகள் கடப்பாள். வண்டி சத்தமில்லாமல் வந்தால் முதலில் என்மேல் மோதட்டும். அதற்குமேல் செய்ய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் மகளுக்கு அத்தை,
உனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்பே கூட்டாளி,
முத்தம்மா