அத்தையின் இரண்டு சாட்சியங்கள்

அத்தை,

இன்று காலை தாம்பரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் பட்டுப்புடவை. அந்துருண்டை வாசனை, அதன்மேல் பவுடர். யார் வீட்டுக் கல்யாணமோ. சானடோரியம் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டேன். குரோம்பேட்டையில் வண்டி நின்றபோது உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையாக அல்ல.

போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசவேண்டுமாம். உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் அந்த வேலையை ஒன்றுவிடாமல் செய்து முடித்துவிட்டார்கள். தங்கமான மனுஷி, யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார் என்றார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். நீங்கள் சொன்ன சொற்களை மட்டும் எழுதினால் ஒரு அகராதி வரும்.

அம்மா போனபோது எனக்கு ஒன்றரை வயது. அப்பாவுக்கு வங்கி வேலை, ஊர் ஊராக மாற்றல். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், உங்கள் வீட்டில் என்னை இறக்கிவிட்டுப் போனார். என்னைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தீர்கள், கடைசிவரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. திமிர். விருந்தாளி வந்தால் உள்ளே போய்விடுவது திமிர். கூப்பிட்டால் திரும்பாதது திமிர். தீபாவளிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய திமிர். நானும் வெகுநாள் நம்பினேன். இவ்வளவு திமிர் பிடித்தவளுக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்று மட்டும் புரியவில்லை.

படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் வேறு எதைத்தான் படிக்காமல் தெரிந்துகொண்டேன்? இருபத்தொன்பது வயதில் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயரோடு நிறுத்தியிருப்பேன், அலுவலகம் பெருங்குடிக்கு இடம் மாறாமல் இருந்திருந்தால். பாடப்புத்தகங்களில் பிழை பார்ப்பது என் வேலை. புதிய கட்டடத்தில் சுவர்களே இல்லை. நூற்றைம்பது பேர் ஒரே கூடத்தில், கூரையிலிருந்து நாளெல்லாம் பாட்டு. இரண்டாம் வாரம் நான் ஏழாம் வகுப்பு அறிவியலில் ஒரு முழுப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டேன். பழைய கோப்புகள் வைக்கும் சிறிய அறையில் உட்கார அனுமதி கேட்டேன். மனிதவளத்துறைப் பெண் ரொம்ப இனிமையாகச் சிரித்தாள்.

"கண்டிப்பா பண்ணலாம் மேம். ஒரு டாக்டர் லெட்டர் மட்டும் கொண்டு வந்துடுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள. இல்லைன்னா கொஞ்சம் கஷ்டம்தான்."

கஷ்டம் என்றால் வேலை போகும் என்று பொருள். அதை நேராகச் சொல்லும் நாகரிகம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

குரோம்பேட்டையில் மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த மையத்தில், பெரியவர்களைப் பரிசோதிப்பதென்றாலும் சின்ன வயதில் பார்த்த ஒருவர் வந்து சொல்லவேண்டும் என்றார்கள். அப்பாவுக்குப் போன் செய்தேன். "எனக்கு என்னம்மா தெரியும், லீவுக்கு வந்துட்டுப் போனவன். அக்காவைக் கூட்டிட்டுப் போ" என்றார். முப்பது வருஷத் தகப்பன் ஸ்தானத்தை ஒரு வாக்கியத்தில் ராஜினாமா செய்த மனிதர்.

நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. "ஆட்டிசம்னா என்னடி? திமிருக்கு டாக்டர் வச்ச பேரா?" என்றுதான் கேட்டீர்கள். ஆனாலும் வந்தீர்கள். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையில், பவுடர் போட்டுக்கொண்டு, கையில் எனக்கென்று ஒரு முழம் மல்லிகையோடு. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். சிட்லபாக்கத்தில் பாதிக் கல்யாணங்களைப் பேசி முடித்தவர் நீங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பெண்ணைப் பற்றி இன்னொருவர் கேள்வி கேட்டால், அதற்கு உங்களுக்கு ஒரே மாதிரிதான் பதில் சொல்லத் தெரியும்.

"சின்ன வயசுல மத்த பசங்களோட விளையாடுவாங்களா?" என்று கேட்டார் அந்த உளவியலாளர்.

"தெருவே எங்க வீட்லதான் மேடம் இருக்கும். எல்லார்கிட்டயும் சகஜமா பழகுவா."

"சத்தம்னா பயம்?"

"சேச்சே. ரொம்ப தைரியம்."

"சாப்பாட்டுல பிடிவாதம் எதாவது?"

"எது போட்டாலும் சாப்பிடுவா. அவளே நல்லா சமைப்பா. சாம்பார் வச்சான்னா வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும்."

நான் வாழ்க்கையில் சாம்பார் வைத்ததில்லை. "அத்தை" என்றேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தீர்கள். கடைசியில், எழுந்து நின்று, "மேடம், உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல நல்ல பையன் யாராச்சும் இருந்தா சொல்லுங்க" என்றீர்கள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. போதிய ஆதாரம் இல்லை. "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, நிறையப் படிச்சிருக்கீங்க. நெட்ல படிச்சுப் பயந்துட்டீங்க. யோகா பண்ணிப் பாருங்களேன்" என்றார் அந்த அம்மையார். நான் பார்த்தது அவர் கண்ணை அல்ல, மூக்குத்தியை. எதிரே இருப்பவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரியாத ஒருவர், அதைக் கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருந்தார்.

வீட்டில் மூன்று வாரம் உங்களோடு பேசவில்லை. "நல்லதுதானே சொன்னேன்? கெட்டதா சொன்னேன்?" என்று சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்தக் கூடமும் கூரைப் பாட்டும் கனவிலும் வந்தன.

அப்போதுதான் செம்பாக்கத்தில், ஒரு பாட்டு வகுப்பு மாடியில் மாதம் இரண்டு முறை கூடும் ஒரு குழுவுக்குப் போனேன். என்னைப் போன்றவர்களின் குழு. கூட்டம் பிடிக்காதவர்கள் கூட்டம் போடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். ஒரே முறை பார்த்துவிட்டு, ஏளனமாக ஒரு பக்கம் டைரியில் எழுதிவிட்டு முடித்துவிடும் எண்ணம். மேலே ஆறு பேர், ஆறு மூலையிலும் என்று சொல்லலாம், அறைக்கு நாலு மூலைதான் என்றாலும். குழல்விளக்கை அணைத்திருந்தார்கள். மின்விசிறி வேகம் இரண்டா மூன்றா என்று கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். பேர் என்ன, எந்த ஊர், கல்யாணம் ஆயிடுச்சா, ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. அதை யாரும் திமிர் என்று சொல்லவில்லை. என் டைரிப் பக்கம் வீணானது.

அங்கே கிருத்திகா என்று ஒருத்தி. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளர், நாற்பதை நெருங்குகிறவள். இரண்டாவது முறை போனபோது உங்கள் கதையை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ சாரி, சாரி. எங்கம்மாவும் இதேதான் பண்ணாங்க. மகாலட்சுமின்னாங்க என்னை. கடைசில எங்க அண்ணிதான் எல்லாத்தையும் போட்டுக் கொடுத்தா. அவளுக்குக் கோயிலே கட்டலாம்." பிறகு கேட்டாள்: "உங்க அத்தை உங்களைத் திட்டுவாங்களா?"

"மூச்சு விடாம."

"அப்ப அதான் ஆதாரம். அவங்க நல்ல மூடுல இருக்கும்போது ஏன் கூட்டிட்டுப் போனீங்க? கோவத்துல கூட்டிட்டுப் போங்க."

மையத்தில் கெஞ்சி இன்னொரு நாள் வாங்கினேன். கோபம் வரவழைக்கப் பொய் சொல்லலாம் என்றாள் கிருத்திகா. எனக்குப் பொய் வராது. எனவே உண்மையிலேயே செய்தேன். குன்றத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு நானே போன் செய்து, வரவேண்டாம், எனக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் பிடிக்காது என்று சொன்னேன். குரோம்பேட்டைக்குப் போகும் ஆட்டோவில், மேம்பாலம் ஏறும்போது உங்களிடம் அதைச் சொன்னேன்.

அதைக் கேட்ட ஆட்டோக்காரரே வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, எதுனா பிரச்சனையா?" என்றார். "நீ ஓட்டுப்பா" என்றீர்கள். அதன்பிறகு நீங்கள் பேசவே இல்லை. என் திட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அறைக்குள் போய் உட்கார்ந்ததும், உளவியலாளர், "போன தடவை எல்லாமே நார்மல்னு சொல்லியிருந்தீங்க" என்று ஆரம்பித்தார்.

"நார்மலா? இவளா?" என்றீர்கள்.

பிறகு நாற்பது நிமிடம். "மேடம், ரெண்டரை வயசு வரைக்கும் வாயே திறக்கல இவ. திறந்து சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? அப்பா இல்ல, அத்தை இல்ல. 'நிறுத்து.' மிக்சியைப் பார்த்து! ஆறு வருஷம் தயிர்சாதம். அதுவும் நீலத் தட்டுல. தட்டு உடைஞ்சு மூணு நாள் பட்டினி கிடந்தா. தாம்பரம் மார்க்கெட் முழுக்க நாயா அலைஞ்சேன் மேடம், அதே நீலத்துக்கு. புதுத் துணி போட்டா கழுத்தைச் சொறிஞ்சு ரத்தம் வரும், நாலஞ்சு தடவை நான் தோய்ச்சுப் போட்டப்புறம்தான் போடுவா. வீட்டுக்கு வந்தவங்களை 'எப்ப போவீங்க'ன்னு கேப்பா. ஏழு வயசுல இல்ல மேடம், போன மாசம்!"

அவர் எழுதி மாளவில்லை. "எந்த வயசுல இது?" என்று நடுவில் கேட்டார். "நாலு வயசு மூணு மாசம்" என்றீர்கள், ஜாதகம் பார்க்கிறவருக்கே உரிய துல்லியத்தோடு. "எழுதிக்குங்க. இன்னும் இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. கவனிக்காதவர் என்று நினைத்து உங்களை ஒருமாதிரி மன்னித்து வைத்திருந்தேன். நாள், மாதம், தட்டின் நிறம் எல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல்.

வெளியே வந்ததும், "கிடைக்குமா அந்தப் பேப்பர்?" என்று கேட்டீர்கள்.

"கிடைக்கும்."

"ஆபீஸ்ல காட்டு. வேற யாருக்கும் காட்டாதே" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தீர்கள்.

கிடைத்தது. கோப்பறையில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு அறிவியல் பிழையில்லாமல் இருக்கிறது. அறிக்கை வந்த ஐந்தாம் மாதம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, ஒரே நாள்தான். வீடு முழுக்க ஆட்கள். "கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு" என்று ஒரு மாமி இன்னொரு மாமியிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். செம்பாக்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஆறுதல் சொல்லவில்லை, என்னைத் தொடவில்லை. கிருத்திகா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினாள். அன்று அந்த வீட்டில் மூளை வேலை செய்த ஒரே ஆள் அவள்தான்.

என்னிடம் உங்களுடைய இரண்டு அறிக்கைகளும் இருக்கின்றன. இரண்டிலும் முதல் பக்கத்திலேயே, தகவல் தந்தவர் அத்தை, நம்பத்தகுந்தவர் என்று ஒரே கையெழுத்தில் போட்டிருக்கிறார்கள். படித்தவர்களின் லட்சணம் அவ்வளவுதான். இரண்டாவதன் நகலை அலுவலகத்தில் கொடுத்தேன். அதில் இருப்பது உண்மை, அதை நான் திறந்து பார்ப்பதில்லை. முதலாவதைத்தான் கிழித்துப் போட முடியவில்லை. எல்லாரோடும் பழகுகிறவள், தைரியசாலி, எதைப் போட்டாலும் சாப்பிடுகிறவள், சாம்பார் வாசம் பக்கத்து வீட்டுக்குப் போகும். வரிக்கு வரி பொய். ஆனால் நீங்கள் என்னைப் பற்றி நல்ல வார்த்தை பேசி யாராவது எழுதி வைத்திருக்கும் இடம் அது ஒன்றுதான், அத்தை. கேவலம், அதை நான் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்.