சுவரைப் பார்த்த ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. குடிக்க ஆள் இல்லாத இடத்தில் பொங்கினால் என்ன, பொங்காவிட்டால் என்ன.

மாநகராட்சி எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இந்தத் திடல் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் வெள்ளைக் கோடு போட்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியில் ஓர் உணவு வண்டி. நான் பதினேழு. இந்த வயதில் மறுபடியும் பதினேழு ஆவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பதினெட்டில் சூப்காரர். அவர் என் டீயைக் குடிக்கிறார், நான் அவர் சூப்பைக் குடிக்கிறேன். இதைத்தான் அதிகாரிகள் விற்பனை மண்டலம் என்கிறார்கள்.

நாலு மணிக்குக் கை தானாக ஒரு டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தது. சர்க்கரை கம்மி. யாருக்கு என்று எழுத மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

எழுத மாட்டேன் என்று எழுதிய அன்றைக்கே தெரியும், எழுதத்தான் போகிறேன் என்று.

ஆனால் பெயர் வராது. அக்கா இந்த நோட்டைப் படிக்கிறாள். படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆகையால் 'எதிர்க்கடை' என்று வைத்துக்கொள்வோம். (அக்கா, இந்த இடத்தில் சிரிக்காதே.)

பழைய தெருவில் ஒரு நெடுஞ்சுவர். சுவரை ஒட்டி நடைபாதை, நடைபாதையை ஒட்டி என் வண்டி. தெருவைப் பார்த்து வண்டியின் ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே தையற்கடை. அவளுக்கு டீ வேண்டுமென்றால் கூப்பிட மாட்டாள். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிடுவாள். நான் பார்த்துவிட்டு டீ ஆற்றி, தெருவைக் கடந்து, மேசையில் வைப்பேன்.

"வச்சுட்டேங்க."

"சரிங்க."

ஆறு வருடமாக எங்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் இதுதான். அதற்குமேல் பேச வாய் வராமல் இல்லை. ஒரு பக்கம் மருந்துக்கடை, ஒரு பக்கம் செருப்புத் தைப்பவர், தெருமுனையில் ஓட்டல். அத்தனை பேரும் எங்களைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தார்கள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். நான் கல்யாணமே செய்யாதவன். (பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் அடித்த ஜோக்குக்குப் பெண்ணின் அப்பா மட்டும்தான் சிரித்தார்.) ஊர் வாயில் விழ இதைவிடத் தகுதி வேண்டுமா?

மார்ச் 11, புதன்

மாநகராட்சி அலுவலகம் போனேன். என்னை அந்தத் தெருவிலிருந்து கிளப்பிய அளவுக்காரரே இருந்தார். அலுத்துப்போன, நல்ல மனிதர். தப்பு அவர்மேல் இல்லை. ஓட்டல் முதலாளி புகார் எழுதினார், இவர் சக்கரம் வைத்த கோலை உருட்டினார், அவ்வளவுதான். அந்த முதலாளி தன் ஓட்டல் டீயைக் குடிக்காமல் ஆள் அனுப்பி என் டீயை வாங்கிக் குடித்தவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விதி இதுதான். வண்டியின் ஜன்னலிலிருந்து உணவகத்தின் வாசல் நூறு அடி தள்ளி இருக்க வேண்டும். என்னுடையது தொண்ணூற்று நாலு. தவிர, சாலைப் பக்கம் பரிமாறக் கூடாது. முன்னால் நகரலாம் என்றால் அங்கே மின்சாரப் பெட்டி, அதை நெருங்கக் கூடாது என்று வேறொரு விதி.

"ஆறடி குறைச்சல்" என்றார்.

"நான் அஞ்சரைதான் சார்."

சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பாவாக இருந்தால் சிரித்திருப்பார். மறு அளவைக்கு மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டார், திடலில் தண்ணீர் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, அந்தத் தெருவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

வியாபாரம் என்றேன். நாக்கு கூசவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

நாலு மணி டீயைச் சூப்காரர் குடித்துவிட்டுச் சர்க்கரை போதவில்லை என்றார். உமக்குப் போட்டதா அது?

மார்ச் 24, செவ்வாய்

அக்காவை உளவுக்கு அனுப்பினேன். தலையணை உறை தைக்கக் கொடுக்கிற சாக்கு. (எங்கள் வீட்டில் இப்போது தலையணையைவிட உறைகள் அதிகம்.) வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"நாடா தொங்குதுடா."

நாலு மணிக்கா என்றேன். ஆமாம் நாலு மணிக்குத்தான் என்றாள். நான் இல்லாத தெருவில் எனக்காக ஒரு நாடா தொங்குகிறது. அல்லது கழுத்து வலிக்கு அவிழ்த்துப் போட்டிருப்பாளோ? ஆணி என்று நினைத்துக் கைப்பிடியில் மாட்டுகிறாளோ? பத்து வயசுப் பையன் மாதிரி ராத்திரிச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தேன்.

அக்கா மிச்சத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சொன்னாள். எதிர்க்கடையின் பையன் வேலை பார்க்கிற ஊருக்கே அம்மாவைக் கூப்பிடுகிறானாம். கடையை எடுத்துவிடு, மெஷினை விற்றுவிடு என்கிறானாம். இந்த மாதமோ அடுத்த மாதமோ பதில் சொல்ல வேண்டுமாம்.

"அவ போய்ட்டா அப்புறம் அந்த இடம் உனக்கு எதுக்குடா?"

தட்டைக் கழுவப் போனேன். நான் தட்டுக் கழுவி அக்கா பார்த்ததில்லை.

மார்ச் 31, செவ்வாய்

மறு அளவை ஏப்ரல் எட்டு. வண்டியைப் பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்திக் காட்ட வேண்டும். ஓட்டிப் பார்த்தேன். பின்னால் போகிற கியர் விழவே இல்லை. ஆறு வருடம் ஓரிடத்தில் நின்ற வண்டிக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"முன்னாடி மட்டும்தான் போகும் அண்ணே. உங்க வயசு மாதிரி."

சாமான் வர ஒரு மாதம் ஆகுமாம்.

இன்னும் ஆறடி எங்கிருந்து வரும் என்றும் தெரியவில்லை. அதே வண்டி, அதே இடம், அதே கோல். எந்த நம்பிக்கையில் மனு கொடுத்தேன்? போய் நின்றால் ஒரு அரை மணி நேரமாவது எதிரே நிற்கலாம். அந்த நம்பிக்கையில்தான்.

ஏப்ரல் 8, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் நுழைந்தேன். முனையில் ஓட்டல். வாசலில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி நடைபாதையில் அளவுக்காரர், கோலோடு. எல்லாம் சரி. இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்த வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அப்போது பார்த்து வலதுபக்கம் தலையைத் திருப்பிவிட்டேன். கைப்பிடியில் நாடா. காலை பத்து மணிக்கு! நாலு மணி நாடா பத்து மணிக்கு ஏன் தொங்குகிறது என்று யோசித்துக்கொண்டே போனேன் — போயே போய்விட்டேன். இடம் தாண்டி, மின்சாரப் பெட்டி தாண்டி, மருந்துக்கடைக்காரர் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கையை ஆட்டுவது தெரிந்தபோது தெருவின் மறுகோடிக்கே வந்திருந்தேன்.

பின்னால் எடுக்க முடியாது. சுற்றிக்கொண்டு மறுபடியும் பெரிய சாலைக்கு வந்தால், தெருமுனையை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. ஓட்டலுக்குக் காய்கறி இறக்குகிறார்கள். ஹாரன் அடித்தேன். மூட்டை தூக்குகிறவர் என்னைப் பார்த்து வெங்காயத்தைக் காட்டினார். வேறு வழியில்லாமல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, மறுகோடி வழியாகவே உள்ளே வந்து, இடத்தில் நிறுத்தினேன்.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. வண்டி தலைமாறி நிற்கிறது. முகம் ஓட்டலைப் பார்த்து, வால் மின்சாரப் பெட்டியைப் பார்த்து. தெருப் பக்கம் வெறும் தகரம். ஜன்னல் சுவர்ப் பக்கம் போய்விட்டது.

அளவுக்காரர் நடைபாதைக்குள் போனார். ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்தார். என் ஜன்னல் வண்டியின் வால் பக்கம் இருப்பது. வால் எதிர்ப்பக்கம் போனதால் ஜன்னலும் ஓட்டலைவிட்டு விலகிவிட்டது. கோலை உருட்டிக்கொண்டே போனார். திரும்பி ஒரு தடவை உருட்டினார்.

"நூத்தி ரெண்டு."

ஓட்டல் முதலாளி கையைப் பிரித்தார். சாலைப் பக்கம் பரிமாறுவதும் இல்லை, நடைபாதைப் பக்கம்தான், அந்தக் குறையும் போச்சு என்று அளவுக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு என்னிடம்:

"இப்படியேதான் நிக்கணும். திருப்பினீங்கன்னா அனுமதி ரத்து."

திருப்ப நினைத்தாலும் முடியாது என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அனுமதி இருபதாம் தேதியிலிருந்துதான், அதுவரை திடல். எல்லாரும் வாழ்த்துகிறார்கள். சூப்காரர் கட்டிப்பிடித்தார்.

கிடைச்சுதாம். என்னத்த கிடைச்சுது? சுவத்தப் பாத்துக்கிட்டு டீ ஆத்தணும். முதுகுக்குப் பின்னாடி அவ கடை. நாடா தொங்குதா இல்லையான்னு தகரத்துல ஓட்டை போட்டா பாக்குறது? இங்க திடல்ல இருந்தாலாவது தூரம்னு சொல்லிக்கலாம். அங்க நாலு எட்டுல இருந்துகிட்டு… என்ன பொழப்பு இது. அந்த நாடாவப் பாக்காம இருந்திருந்தா நேராத்தான் நிறுத்தியிருப்பேன். நேரா நிறுத்தியிருந்தா இடமே கிடைச்சிருக்காது. யாரைத் திட்டுறதுன்னே தெரியல.

ஏப்ரல் 15, புதன்

லாரிகளில் மாட்டுகிற வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். ஜன்னல் ஓரத்தில் நீட்டி மாட்டினால் வண்டியின் வாலைத் தாண்டி எதிர்ப்பக்கம் தெரியும் என்று கணக்கு. அக்கா பிரித்துப் பார்த்தாள்.

"எதுக்குடா இது?"

"தலை வாரத்தான்."

"எதை?"

அதன் பிறகு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையில் முடி இல்லாதவன் வீட்டில் அக்காவை வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் நாள். கண்ணாடி மாட்டக் கொண்டுபோன திருகு பெரிதாகிவிட்டது. நாளைக்குச் சின்னதாக வாங்க வேண்டும் என்று பெட்டியோடு காலடியில் வைத்தேன்.

சுவரில் பழைய சுண்ணாம்பு உரிந்து ஓர் ஆமை மாதிரி இருக்கிறது. மதியம் முழுக்க ஆமையும் நானும். பழைய வாடிக்கையாளர்கள் சுற்றி வந்து, "எங்கப்பா வாயை வச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்கள்.

நாலு மணிக்கு டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். வேண்டுமா, வேண்டாமா? தொங்குகிறதா? இறங்கிப்போய்ப் பார்க்கலாம். பார்த்தால் மருந்துக்கடை பார்க்கும். பார்க்கட்டுமே — என்று அடுப்பை அணைத்தேன்.

சுவருக்கும் வண்டிக்கும் நடுவே யாரோ வருகிற சத்தம். நிமிர்ந்தால், அவள். கழுத்தில் நாடா.

ஆறு வருடம் பார்த்த முகம்தான். இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் வண்டி. தெருவில் இருக்கும் ஒருவர் கண்ணிலும் அந்த இடம் படாது. நான் டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போகவில்லை. அங்கேயே நின்று குடித்தாள்.

"அன்னிக்கு உங்க வண்டிச் சத்தம் கேட்டுத்தான் நாடாவ மாட்டினேன்" என்றாள். "பாத்தீங்க. பாத்துக்கிட்டே நிக்காம போய்ட்டீங்க."

ரிவர்ஸ் கியரில் ஆரம்பித்து வெங்காயம் வரைக்கும் சொன்னேன். சிரித்தாள். பெண்ணின் அப்பா இல்லாமல் முதல் தடவையாக ஒருத்தி.

அப்புறம் கேட்டேவிட்டேன், பையன் கூப்பிடுகிறானாமே என்று.

"வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க?"

டம்ளரைக் கவிழ்த்து மிச்சம் இல்லையா என்று பார்த்துவிட்டு ஜன்னலில் வைத்தாள்.

"சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடலாம். நாளைக்கு வரும்போது பாக்குறேன்."

ஏப்ரல் 21, செவ்வாய்

கண்ணாடியைச் சூப்காரருக்குக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்றார். தலை வார என்றேன். அவருக்கு முடி இருக்கிறது.